கண்ணில் வைத்த சந்தனம்

அந்த மெஷின் எங்கள் லேபுக்கு வந்த அன்று நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். "என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்று வருடம் மேனேஜரின் வாசலில் நின்று, அவர் சிடுசிடுப்பையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் வாங்கிய மெஷின் அது. எனக்கு வந்த மாதிரிதான் நினைத்துக்கொண்டேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. வண்டி உதிரிபாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற திரவங்களைத் தயாரிக்கிறோம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து, குளிருக்குப் பழகி, பஸ்ஸில் சண்டை போடுகிற அளவுக்குக் கன்னடமும் கற்று, இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நான் லேப் இன்சார்ஜ். அதாவது, தொழிற்சாலையிலேயே நிறையப் படித்தவன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்தவன்.

லேபில் என்னோடு இருந்தவள் ஒரு பெண். அஞ்செட்டிக்காரி. கிருஷ்ணகிரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்களிடம் காண்ட்ராக்டில் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வாரம் முழுக்க ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டல், சனிக்கிழமை மதியம் ஊருக்கு பஸ். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஒன்றாம் வகுப்புப் போகிற மகள் அஞ்செட்டியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த வருடம் பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். பர்மனென்ட் ஆனதும் ஓசூரில் ஒரு வீடு பார்த்து, மகளைக் கொண்டுவந்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்று ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருந்தாள். அதை என்னிடம் இரண்டு தடவை காட்டினாள். முதல் தடவை காட்டியது அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, சந்தோஷம்தான்.

எங்கள் வேலையில் முக்கியமான சோதனை நுரை. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அளந்து தண்ணீரில் ஊற்றி, கலக்கி, சூடாக்கி, எவ்வளவு நுரை எழுகிறது என்று பார்க்க வேண்டும். நுரை அதிகமானால் வாடிக்கையாளரின் கழுவுத் தொட்டி பொங்கித் தரையெல்லாம் ஓடும். அப்புறம் அவர் போனில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. மெஷின் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் அவள் கையால்தான் செய்தாள். பிப்பெட்டில் உறிஞ்சி எடுப்பாள், கண்ணாடிக் குச்சியால் கலக்குவாள், பழைய ஹீட்டரில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். நுரை எழப்போவதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். "ஏறப் போவுதுங்க சார்" என்பாள், ஏறும்.

புது மெஷின் இந்த மூன்று வேலையையும் தானே செய்யும். ஊற்றும், கலக்கும், காய்ச்சும். மேசையில் பாதிகூட அடைக்காது. அடியில் வெள்ளைப் பீங்கான் தட்டு. சூடு வருவதும் அதில்தான், பீக்கருக்குள் போட்ட காந்தக் குச்சியைச் சுழல வைப்பதும் அதுதான். பின்னால் ஒரு முழ உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தூண். அதன் உச்சியிலிருந்து மெல்லிய குழாய் இறங்கிச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றும். தூணின் நடுவில், நம்மைப் பார்த்த மாதிரி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருப்பு வட்டம். பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் ஒன்றொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மெஷினைப் போட்டோ எடுத்து விருதுநகரில் இருக்கிற என் தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம், புத்தகத்தை முழுசாகப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். தலையணைத் தடிமனில் இருந்த அந்தப் புத்தகத்தில் நான் படித்தது அட்டையை மட்டும்.

ஒரு வாரத்தில் ஆயுதபூஜை வந்தது. ஓசூரில் ஆயுதபூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிசு. மெஷின்களையெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கையில் கொடுப்பார்கள். லேபில் சந்தனம் குங்குமம் வைப்பது ஒவ்வொரு வருடமும் என் வேலை. தராசுக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று. அந்த வருடம் புது மெஷினுக்கு மட்டும் விசேஷமாக மூன்று. உச்சியில் ஒன்று, தட்டின் விளிம்பில் ஒன்று, தூணின் நடுவில் ஒன்று. தூணின் நடுவில்தான் வைக்கத் தோதாக அந்தக் கருப்பு வட்டம் இருந்ததே. நெற்றி மாதிரி இருந்தது. கெட்டியாகக் கரைத்த சந்தனத்தை மோதிர விரலால் அதன்மேல் அழுத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். ஸ்டோர்காரர் போட்டோ எடுத்தார். நான் விரலை எடுக்காமல் திரும்பிச் சிரித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சார், அந்தக் கருப்புப் பொத்தான் மேல சந்தனம் பட்டிருக்குதுங்க. அது என்னமோ பாக்குற எடம்னு அந்த இன்ஜினியரு சொன்னாரு. தொடச்சுடட்டுங்களா?"

"அது ஸ்க்ரூ மூடிம்மா. சாமிக்கு வச்சதை யாராவது தொடைப்பாங்களா? தானா உதிரட்டும்."

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் அதுதான் வழக்கம். பூஜைக்கு வைத்த பொட்டைக் கையால் துடைக்க மாட்டோம். லேத்தின் நெற்றியில் பொங்கல் வரைக்கும் குங்குமம் காய்ந்து கிடக்கும். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். சொன்னவன் நிறையப் படித்தவன் அல்லவா.

அந்த வட்டம்தான் மெஷினின் கண். நுரை அந்த உயரத்துக்கு எழுந்தால் பார்த்து, ஊற்றுவதையும் சூட்டையும் தானாக நிறுத்திவிடும். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. வந்த பேட்ச்செல்லாம் ஒழுங்கான பேட்ச், நுரை பாதி பீக்கரைத் தாண்டவில்லை. அதனால் கண் தெரியாதது யாருக்கும் தெரியவில்லை. ஆரம்பத்தில் அவள் பழைய வழக்கப்படி பக்கத்திலேயே நின்றாள். "பக்கத்துல ஆள் நிக்க வேண்டாம்னுதானேம்மா இதை வாங்கியிருக்கோம்" என்று நானே கேலி செய்தேன். பிறகு அவளும் மெஷினை ஓடவிட்டு அடுத்த சாம்பிளை எடுக்கக் கீழே போகத் தொடங்கினாள்.

ஒரு முற்பகல், அவள் அப்படிக் கீழே போயிருந்தாள். நான் பக்கத்துக் கண்ணாடி அறையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் கருகல் வாசனை வந்தது. எழுந்து பார்த்தால், பால் பொங்குவது மாதிரி பீக்கரிலிருந்து நுரை வழிந்து, தட்டில் சுருசுருவென்று கொதித்து, மெஷினின் அடிப்பக்கச் சந்துகளில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே குழாய் இன்னமும் நிதானமாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தது. நான் ஓடுவதற்குள் 'பட்' என்று ஒரு சத்தம், புகை. பிளக்கைப் பிடுங்கினேன். ஈரத்துணியை எடுத்து வழிந்ததைத் துடைத்தேன். தட்டைத் துடைத்தேன், தூணைத் துடைத்தேன். துணி அந்தப் பொட்டின் பக்கம் வந்ததும் கை நின்றது.

சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வெடிப்பின் வழியாக உள்ளே கருப்பாக மின்னியது கண்ணாடி. ஸ்க்ரூ மூடி எங்கேயாவது மின்னுமா? அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று அவளிடம் சொன்ன நான், அதை நகத்தால் சுரண்டினேன். சுரண்டி, ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, துணியைக் கழுவும் தொட்டியில் அலசினேன். சுத்தம் செய்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பினால் வாசலில் அவள், கையில் சாம்பிள் பாட்டிலோடு. அவள் என்னைப் பார்க்கவில்லை. தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் மறைத்தேன் என்று இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. இருபது வருட ஆளை ஒரு மெஷினுக்காக யாரும் அனுப்ப மாட்டார்கள். எனக்கிருந்த பயம் அதைவிட அற்பமானது. எங்கள் மேனேஜர் பட்டப்பெயர் வைப்பதில் மன்னன். டிஸ்டில்டு வாட்டர் கேனில் அவசரத்துக்கு போர் தண்ணீரைப் பிடித்து வைத்த ஸ்டோர்காரருக்கு அன்றிலிருந்து 'போர்வெல்' என்று பெயர். அவர் மகள் கல்யாணப் பந்தியில்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெஷினின் கண்ணில் சந்தனம் அப்பிய கெமிஸ்ட்டுக்கு என்ன பெயர் வரும்? அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. என் மானத்தை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பெங்களூர் இன்ஜினியர் வந்தார். கண்ணை மட்டும் தன் டெஸ்டரில் இணைத்து, அதன் முன்னால் கையை ஆட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "கண்ணு சென்னாகிதே சார்" என்றார். கண் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போர்டு எரிந்துவிட்டதால் அன்றைக்கு செட்டிங் எப்படி இருந்தது என்று பார்க்க வழியில்லை. கண் நன்றாக இருந்தும் மெஷின் நிற்கவில்லை என்றால், ஓட்டியவர் நுரையில் நிறுத்துகிற செட்டிங்கை ஆஃப் செய்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. நான் துடைத்து வைத்த கண்ணைத்தானே அவர் பார்த்தார்.

அன்று மதியம் மேனேஜரின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மேனேஜர், நான், அவள்.

"ஃபோம் ஸ்டாப்பை ஆஃப் பண்ணியா?" என்று மேனேஜர் அவளைக் கேட்டார்.

"இல்லீங்க சார். ஆன்லதாங்க இருந்துச்சு."

"அப்போ ஏன் நிக்கல?"

அவள் என்னைப் பார்த்தாள். மடியில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஏசியிலிருந்து தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்தேன். மேனேஜர் எதையெதையோ கேட்டார். பழைய முறையில் ஏன் ஒருதடவையும் பொங்கவில்லை, கீழே போய் எவ்வளவு நேரம் ஆனது, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாளா. எல்லாவற்றுக்கும் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் என்னைப் பார்த்தாள். கால் மணி நேரம் போயிருக்கும்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அது பொய்கூட இல்லை.  பொய் சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு பொய்யனாக இருந்திருப்பேன்.

வெளியே வந்ததும் நடையில் என்னை நிறுத்தினாள். குரல் உயரவில்லை.

"சார், அந்தச் சந்தனத்த நீங்கதானுங்களே தொடச்சீங்க?"

"எந்தச் சந்தனம்?" என்றேன்.

 அவள் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு லேபுக்குள் போய், பழைய ஹீட்டரைத் தூசி தட்டி எடுத்து வைத்து, அன்றைய பேட்ச்சைக் கையால் பார்க்கத் தொடங்கினாள்.

பர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் அடிபட்டது. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. போகிற அன்று பிப்பெட்டுகளையெல்லாம் கழுவி, வரிசையாக ஸ்டாண்டில் நிறுத்தி, அலமாரிச் சாவியை என் மேசையில் வைத்தாள். "வரேங்க சார்" என்றாள். நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லா இரும்மா" என்றேன். எழுத அன்று ஒன்றும் இல்லை.

மெஷினுக்குப் புது போர்டு வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில், 'இதை மறைக்கக் கூடாது' என்று இன்ஜினியர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். அதற்குப் பிறகு அது ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. நுரை ஏறினால் நின்றது, இறங்கினால் ஓடியது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாமல் போனது. புதிதாக வந்த பையனிடம் அதை ஒப்படைத்துவிட்டு, நான் கண்ணாடி அறையில் முதுகைக் காட்டி உட்கார நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வீட்டில் பொரிப் பொட்டலத்தைப் பார்த்தால்கூட எரிச்சல் வந்தது. என்ன கோபம், யார் மேல் கோபம் என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை. அவளிடம் சொல்லவும் வெட்கம்தான்.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. எல்லோரும் லேபில் கூடி நின்றார்கள். ஸ்டோர்காரர் போர்வெல் என் கையில் தட்டைக் கொடுத்து, "வையுங்க சார், உங்க கைதான் ராசி" என்றார். சந்தனத்தில் விரலை வைத்தேன். விரல் அதிலிருந்து எழவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். போன வருடம் கண்ணில் சந்தனம் வைத்தது நான், அவள் துடைக்கக் கேட்டபோது தடுத்தது நான், பொங்கிய பிறகு ரகசியமாகச் சுரண்டியதும் நான் என்று.

 மேனேஜர் சிரித்தார். கையிலிருந்த பொரி கீழே சிந்தச் சிந்தச் சிரித்தார். "கண்ணுக்கே சந்தனம் வச்சீங்களா சார்!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தச் சிரிப்பு நீடித்தது. நாலைந்து நாள் என்னை 'சந்தனம் சார்' என்று கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மேனேஜரின் காரையே இடித்துவிட்டார். எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள், என் பெயர் மறந்துபோனது. அவ்வளவுதான். அந்த நாலைந்து நாள் கேலிக்குப் பயந்துதான் நான் ஒருத்தியின் வேலையைப் பலிகொடுத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணத் திரும்பக் கூப்பிடலாமா சார்?" என்று பூஜையன்று அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே மேனேஜரிடம் கேட்டிருந்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அதெப்படி சார்? ஆள் போட்டாச்சு. அந்தப் பொண்ணே அன்னைக்கு வாயத் தொறக்கலையே. விடுங்க, பழைய கதை."

அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூக் கட்டி அடுக்குகிற வேலை என்றாள். சனிக்கிழமை மதியம் அஞ்செட்டி பஸ்ஸுக்குத் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வருவாளாம். பைக்கில் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். முள் குத்திய விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிப்பெட்டின் நுனியில் ஒரு சொட்டை அசையாமல் நிறுத்திக் காட்டிய விரல்கள் அவை.

"டீ குடிக்கிறீங்களா சார்?" என்றாள். வேண்டாம் என்றேன். பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன், மேனேஜரிடம் கேட்டும் பார்த்தேன், என்னை மன்னித்துவிடு என்று. எனக்கே நான் பேசுவது ஏதோ பரிசு வாங்க வந்தவன் பேச்சு மாதிரி இருந்தது.

அவள் போனை எடுத்துத் தேடி என்னிடம் நீட்டினாள். ஆயுதபூஜைப் படம். மாலை போட்ட மெஷின், தூணின் நடுவில் என் மோதிர விரல், பக்கத்தில் என் சிரிப்பு.

"இதை ஏம்மா அன்னைக்குக் காட்டல?"

"மேனேஜர் ரூம்ல இதத்தாங்க சார் கையில வெச்சுக்கினு உக்காந்திருந்தேன். நான் காட்டியிருந்தா நீங்க மறைச்சதா ஆயிருக்கும். நீங்களா சொல்லியிருந்தா சிரிச்சுட்டு உட்டுருப்பாங்க. அதான், நீங்க சொல்லட்டும்னு பாத்தேன். சொல்லிடுவீங்கன்னுதான் நெனச்சேன்."

 அந்தக் கால் மணி நேரமும் நான் ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காப்பாற்ற உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா எங்க படிக்குதும்மா?" என்று கடைசியில் கேட்டேன்.

"அஞ்செட்டியிலயேதாங்க. ரெண்டாவது."

பஸ் வந்துவிட்டது. மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் ஏறத் தொடங்கியது. நான் அவசரமாக, "அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிடும்மா" என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

"குரூப்லயே இருக்குதுங்களே சார். என்னத்தான் அதுலேந்து எடுத்துட்டாங்க. நீங்க இருக்கீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிவிட்டாள். உள்ளே உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.

பைக்கில் உட்கார்ந்து எங்கள் லேப் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, ஒரு வருடத்துக் குட்மார்னிங்குகளையெல்லாம் தள்ளித் தள்ளி மேலே போனேன். ஸ்டோர்காரர் போட்ட படம் அங்கேதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் என்றைக்கு வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அதற்குக் கீழே முதலில் வந்திருந்த செய்தி அவளுடையது. கூப்பிய இரண்டு கைகள் போட்டு, 'புது மெஷின் நல்லா ஓடணும் சார்' என்று எழுதியிருந்தாள்.